இலையைத் தின்னக் கொடுங்கள்: மாடித் தொட்டிகளில் வண்ணத்துப்பூச்சிக்கும் தேனீக்கும் தேன்சிட்டுக்கும் இடம் அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் வீடுகளில் வேறு எந்தச் செடி இல்லாவிட்டாலும் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருக்கும். அதன் இளந்தளிரில் பறவை எச்சம் போலப் பழுப்பும் வெள்ளையும் கலந்து ஒட்டியிருக்கும் சிறு புழுவைக் கண்டதும் பெரும்பாலோர் அதைக் கிள்ளி எறிந்துவிடுகிறார்கள். விட்டுவைத்தால் அது சில நாட்களில் பச்சை நிறத்துக்கு மாறும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு சிறு கவையை நீட்டி நாற்றம் வீசும். ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் கூட்டுப்புழுப் பருவத்தையும் கடந்து, கறிவேப்பிலை அழகி என்னும் கரிய வண்ணத்துப்பூச்சியாக அதே மாடியிலிருந்து பறந்து செல்லும்.

சென்னையின் தெற்குப் புறநகரில் ஒரு மொட்டைமாடியில் பல ஆண்டுகளாகத் தொட்டிச் செடிகள் வளர்த்து வருகிறேன். அதில் கற்றுக்கொண்டவற்றுள் முதன்மையானது இதுதான்: பூச்செடி வைத்தால் வண்ணத்துப்பூச்சி வந்துவிட்டுப் போகும்; இலையைத் தின்னக் கொடுத்தால்தான் அது அங்கே பிறக்கும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு கருத்தை ஒட்டியே அமைந்தவை.

முதல் படி: தளத்தின் பளுவையும் வெயிலின் போக்கையும் அறிதல்

ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டைமாடித் தளம், இந்தியத் தர விதிகளின்படி, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ மேற்பளுவைத் தாங்கும் வகையில் வடிவமைக்கப்பட வேண்டும். 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் கொண்ட வளர்ப்புப் பையில் ஏறத்தாழ 22 லிட்டர் கலவை பிடிக்கும். அதை வெறும் மண்ணால் நிரப்பி நனைத்தால் 35 கிலோவைத் தாண்டிவிடும். அப்படி நான்கு பைகளை ஒரே சதுர மீட்டரில் நெருக்கி வைத்தாலே எல்லையைத் தொட்டுவிடுகிறோம். ஆகையால் எலுமிச்சை போன்ற பெரிய தொட்டிகளைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ உத்தரமோ தூணோ உள்ள ஓரங்களில் வைக்க வேண்டும். பழைய கட்டடமாக இருந்தால் ஒரு பொறியாளரிடம் காட்டிய பிறகே தொடங்குவது நல்லது.

ஒவ்வொரு தொட்டியையும் இரண்டு செங்கற்களின் மேல் நிறுத்துங்கள். தளத்தில் நீர் தேங்காமல் வடிவதற்காக இதைச் சொல்வது வழக்கம். அந்த இடைவெளியில் அரணையும் தேரையும் பல்லியும் வந்து ஒதுங்கும் என்பது எனக்கு அதைவிட முக்கியமான காரணம். கத்திரி வெயில் காலத்தில் 50 விழுக்காடு நிழல் தரும் வலையைத் தலைக்கு மேல் மட்டும் கட்டினால் போதும். நான்கு பக்கமும் வலையால் மூடிய தோட்டத்துக்குள் தேனீயும் தேன்சிட்டும் நுழைய வழியில்லை. தளர்வாகத் தொங்கும் நைலான் வலையில் அணிலும் குருவியும் சிக்கி இறப்பதும் உண்டு.

இரண்டாம் படி: கலவை

செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரமோ நன்கு மக்கிய தொழுவுரமோ ஒரு பங்கு என்ற அளவு பெரும்பாலான செடிகளுக்குப் பொருந்தும். பளுவும் கணிசமாகக் குறையும். நார்க்கழிவில் உப்பு மிகுந்திருக்கும் என்பதால், அதை ஊறவைத்து இரண்டு மூன்று முறை நீரை வடித்த பின்னரே கலக்க வேண்டும்.

மூன்றாம் படி: புழுவின் உணவுச் செடிகளை முதலில் வையுங்கள்

வண்ணத்துப்பூச்சி பலவகைப் பூக்களில் தேன் குடிக்கும். ஆனால் எந்தச் செடியிலும் முட்டையிடாது. ஒவ்வோர் இனத்தின் புழுவும் குறிப்பிட்ட சில செடிகளின் இலையை மட்டுமே தின்று வளரக்கூடியது. தாய்ப்பூச்சி தன் கால்களால் இலையைத் தொட்டு, அதன் வேதிச் சுவையை அறிந்த பிறகே முட்டையிடுகிறது. ஆகையால், மாடியில் எந்த வண்ணத்துப்பூச்சி பிறக்க வேண்டும் என்பதை நாம் வைக்கும் இலைதான் தீர்மானிக்கிறது.

கறிவேப்பிலையும் எலுமிச்சையும் முதல் இரண்டு தொட்டிகள். கறிவேப்பிலை அழகியும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியும் இவற்றிலும், நாரத்தை, வில்வம் ஆகியவற்றிலும் முட்டையிடுகின்றன. முட்டை மிளகைவிடச் சிறியதாய், இளமஞ்சள் நிறத்தில், தளிரின் நுனியில் தனித்தனியாக ஒட்டியிருக்கும். வளர்ந்த புழு ஒன்று நாளொன்றுக்குப் பல இலைகளைத் தின்றுவிடும் என்பதால், ஒரே ஒரு கன்றை வைத்துக்கொண்டு அதைச் சமையலுக்கும் புழுவுக்கும் பங்கிடுவது நடக்காத காரியம். கறிவேப்பிலையில் குறைந்தது மூன்று தொட்டிகள் வையுங்கள். ஒன்றிலிருந்து வீட்டுக்குப் பறியுங்கள், இரண்டைப் புழுவுக்கு விடுங்கள், வீட்டுத் தொட்டியில் தென்படும் புழுவை இலையோடு கிள்ளி மற்றொன்றில் வையுங்கள். மொட்டையாகத் தின்னப்பட்ட கறிவேப்பிலை சில வாரங்களில் முன்பைவிட அடர்த்தியாகத் துளிர்ப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் ஒரு கை மண்புழு உரமும் புளித்த மோர்க் கரைசலும் கொடுத்தால் போதும்.

அடுத்தது ஈஸ்வரமூலிக் கொடி. இதைக் கருடக்கொடி, பெருமருந்துக்கொடி என்றும் அழைப்பர். சிவப்புடல் அழகி, ரோஜா அழகி ஆகிய இரண்டும் இந்தக் கொடியின் குடும்பத்தில்தான் முட்டையிடும். இலையிலுள்ள நஞ்சைப் புழு தன் உடலில் சேர்த்துக்கொள்வதால், வளர்ந்த பூச்சியைப் பறவைகள் தின்பதில்லை. கறிவேப்பிலை அழகியின் பெண்களில் சில சிவப்புடல் அழகியைப் போலவும், சில ரோஜா அழகியைப் போலவும் இறகுக் கோலம் கொண்டு, அந்த நஞ்சில்லாமலேயே அதன் பாதுகாப்பைப் பெறுகின்றன. கறிவேப்பிலையும் ஈஸ்வரமூலியும் அருகருகே இருக்கும் மாடியில் இந்த வேடத்தையும் அதன் மூலத்தையும் ஒரே காலைப்பொழுதில் பார்க்கலாம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது அலுத்ததில்லை. ஓர் எச்சரிக்கை: நாட்டு வழக்கில் இக்கொடி விஷக்கடி மருந்தாகப் பேசப்பட்டாலும், இதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். இதை எந்த வடிவிலும் உட்கொள்ளக் கூடாது; சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் கைக்கு எட்டாத உயரத்தில் படரவிட வேண்டும்.

எருக்கைத் தொட்டியில் வைப்பதைச் சிலர் விரும்புவதில்லை. வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சிக்கு அது தாய்வீடு. 15 அங்குலத் தொட்டியில் வைத்து, அவ்வப்போது கவாத்து செய்தால் இடுப்பளவில் நிறுத்திவிடலாம். அதன் பால் கண்ணில் பட்டால் கடும் பாதிப்பு ஏற்படும் என்பதால் கையுறை அணிந்தே வெட்டுங்கள். அரளியில் வெண்புள்ளிக் கருப்பன் முட்டையிடும். அதன் கூட்டுப்புழு கண்ணாடி போல, வெள்ளி முலாம் பூசியது போலப் பளபளப்பதைப் பார்ப்பதற்காகவே ஓர் அரளி வைக்கலாம். அரளியும் நச்சுச் செடி என்பதை மறக்க வேண்டாம். ஆவாரைக்குக் கொன்னை வெள்ளையன் வரும்.

தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக 2019-இல் அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனை மாடிக்கு வரவழைக்க என்ன வைக்க வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கு உரியது. சமவெளி நகரத்தின் தொட்டிக்கு வராது. அதற்கு நாம் செய்யக்கூடியது அந்தக் காட்டைக் காப்பதுதான்.

நான்காம் படி: தேன் செடிகள்

அடுக்கு இதழ்ப் பூக்களைத் தவிர்த்து ஒற்றை அடுக்குப் பூக்களைத் தேர்ந்தெடுங்கள். அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தாள்கள் பல இதழ்களாக மாறியிருப்பதால், பூச்சிக்கும் பறவைக்கும் கிடைப்பது குறைவு. ஒற்றைச் செம்பருத்தி, இட்லிப்பூ, துளசி, திருநீற்றுப் பச்சிலை, வாடாமல்லி, துலுக்கச் சாமந்தி ஆகியவை ஆண்டு முழுவதும் மாறி மாறிப் பூத்துத் தேன் தரும். துளசியின் கதிர்களை உடனுக்குடன் கிள்ளிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஒரு தொட்டியிலாவது கதிரை விட்டு வையுங்கள், கொசுத்தேனீயும் கொம்புத் தேனீயும் காலை எட்டு மணிக்கே வந்து மொய்க்கும்.

இட்லிப்பூ என்று நாம் அழைப்பதுதான் சங்க இலக்கியத்தின் வெட்சி. நிரை கவரச் செல்வோர் சூடிய வெட்சியும், போர்க்களத்துக்குரிய தும்பையும் இன்று ஒரே மாடியில் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் வளரக்கூடியவை. தும்பையை யாரும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மழைக்குப் பின் காலி மனைகளில் தானே முளைக்கும், அதிலிருந்து ஒரு கன்றைப் பெயர்த்து வந்தால் போதும். தொட்டியில் தானாக முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டையும் களை என்று பிடுங்காதீர்கள். அதன் சிறு மஞ்சள் பூவில் வந்து அமரும் சின்னஞ்சிறு நீல வண்ணத்துப்பூச்சிகளின் எண்ணிக்கை, காசு கொடுத்து வாங்கிய பல செடிகளில் வருவதைவிட அதிகம்.

கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு ஆகிய இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீல வரியன் முதலிய வரியன்களின் ஆண்கள் இவற்றின் வாடிய தண்டையும் இலையையும் சுரண்டி, தங்கள் காதல் மணத்துக்கும் தற்காப்புக்கும் வேண்டிய வேதிப்பொருளைச் சேகரிக்கின்றன. மழைக்காலத்தை ஒட்டி மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்கு மலைகளுக்கும் இடையே இவை கூட்டமாக வலசை போகும் நாட்களில், ஒரு தொட்டிக் கிலுகிலுப்பை ஒரு வழிப்போக்கர் சத்திரமாகிவிடும்.

உண்ணிச்செடியை மட்டும் தயவுசெய்து வைக்க வேண்டாம். வண்ணத்துப்பூச்சி அதில் நிறைய வரும் என்பது உண்மை. ஆனால் அதன் கனியைக் கொண்டைக்குருவி தின்று விதையைப் பரப்ப, அயல்நாட்டிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட அந்தச் செடி முதுமலை முதலிய காடுகளில் புதராக மண்டி, யானைக்கும் மானுக்கும் உரிய புல்லையும் நம் மண்ணின் செடிகளையும் மூடிவிட்டது.

ஐந்தாம் படி: தண்ணீர்

அகன்ற மண்சட்டியில் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் நீர் ஊற்றி, நடுவில் ஒரு கல்லை வையுங்கள்; தேனீ மூழ்காமல் அமர்ந்து குடிக்க அது உதவும். இன்னொரு தட்டில் மணலை ஈரமாக வைத்து ஒரு சிட்டிகை உப்பிட்டால், ஆண் வண்ணத்துப்பூச்சிகள் உப்புச்சத்தை உறிஞ்ச வரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த நீரில் முட்டையிட்டு, ஏறத்தாழ ஒரு வாரம் பத்து நாளில் வளர்ந்து பறந்துவிடும் என்பதால், சட்டியைத் தினமும், தவறினால் இரண்டு நாளுக்கு ஒருமுறை, தேய்த்துக் கழுவி நீரை மாற்றுங்கள். அல்லித் தொட்டி வைத்திருந்தால் கொசுப்புழுவைத் தின்ன அதில் நான்கைந்து கப்பி மீன்களை விடுங்கள். அவற்றைக் குளம் குட்டைகளில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஆறாம் படி: மருந்து தெளிக்காமல் பொறுத்திருத்தல்

எல்லாப் படிகளிலும் இதுவே கடினமானது. சில ஆண்டுகளுக்கு முன் என் செம்பருத்தியில் மாவுப்பூச்சி பெருகியபோது, ஒரு கடையில் பரிந்துரைத்த இமிடாகுளோபிரிட் என்னும் பூச்சிக்கொல்லிக் கரைசலை வாங்கி வந்து வேரில் ஊற்றினேன். மிச்சமிருந்ததைப் பக்கத்திலிருந்த எலுமிச்சைக்கும் ஊற்றினேன். மாவுப்பூச்சி மறைந்தது. எலுமிச்சையிலிருந்த ஏழு புழுக்களும் சில நாட்களில் கருத்துச் சுருண்டு கீழே விழுந்து கிடந்தன. அந்த மருந்து வேர் வழியே இலைக்கும் மகரந்தத்துக்கும் தேனுக்கும் பரவக்கூடியது என்பதையும், தேனீக்களுக்குக் கொடிய நஞ்சு என்பதையும் அதன் பிறகுதான் படித்து அறிந்தேன். மழைக்காலம் முடிந்ததும் முதலில் திரும்பி வந்தது மாவுப்பூச்சிதான். பொறிவண்டு வர இன்னும் பல மாதங்கள் ஆயின. அந்தப் புழுக்களை நான் இன்றும் மறக்கவில்லை.

பொறுத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே பெரிய சான்று உண்டு. பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாக 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எனப் பல பயிர்களை அழித்தது. எந்த மருந்துக்கும் அது முழுமையாக அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் என்னும் மிக நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவி தருவிக்கப்பட்டு வயல்களில் விடப்பட்ட பிறகுதான் அது கட்டுக்குள் வந்தது. இத்தகைய குளவிகள் நம் மாடிக்குத் தாமாகவே வருகின்றன. நாம் தெளிக்கும் மருந்தில் முதலில் சாவதும் அவைதாம்.

மாவுப்பூச்சியோ அசுவினியோ தென்பட்டால், முதலில் குழாய் நீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். எறும்பு அவற்றைக் காவல் காத்து, அவை கழிக்கும் இனிப்பு நீரைக் குடிப்பதால், எறும்பு ஏறும் வழியை அடைத்தாலே பாதி வேலை முடியும். இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே, உடலெங்கும் வெள்ளை மெழுகு இழைகள் தொங்க, சற்றுப் பெரியதாய், வேகமாக ஊர்ந்து செல்லும் ஒன்றைப் பார்த்தால் அதை நசுக்கிவிடாதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு. வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்த கரைசல் தேவைப்பட்டால், பாதிக்கப்பட்ட கிளையில் மட்டும், மாலை மங்கிய பின் தெளிக்கலாம். உணவுச் செடிகளில் அதையும் தெளிக்கக் கூடாது. இயற்கையானது என்பதால் அது புழுவைக் கொல்லாது என்று எண்ண வேண்டாம்.

நாற்றங்காலில் வாங்கும் செடிகள் பெரும்பாலும் மருந்து கண்டவை. அவற்றை நான் இரண்டு மாதம் தனியே வைத்து, பூக்களைக் கிள்ளிவிட்டு, பழைய இலைகள் உதிர்ந்து புதுத் தளிர் வந்த பிறகே மற்றத் தொட்டிகளோடு சேர்க்கிறேன்.

ஏழாம் படி: காய்கறித் தொட்டிகளை வண்டுகளோடு இணைத்தல்

கத்தரிப் பூவின் மகரந்தப் பை நுனியில் சிறு துளை மட்டுமே கொண்டது. பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்தால்தான் மகரந்தம் உதிரும். நாம் பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அந்தத் திறன் கிடையாது. பெரிய கரிய தச்சன் வண்டும் நீலப்பட்டைத் தேனீயும் அதைச் செய்கின்றன. தச்சன் வண்டு ஆளைப் பார்த்து ரீங்கரித்துக்கொண்டு வரும்போது அஞ்சி விரட்ட வேண்டாம். வம்புக்குப் போகாதவரை அது கொட்டுவது அரிது. அதற்காகக் காய்ந்த மூங்கில் துண்டுகளை, ஒரு முனையில் கணு அடைத்திருக்குமாறு ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கட்டாகக் கட்டி, மழை படாத ஓரத்தில் தொங்கவிடுங்கள். ஆறு முதல் பத்து மில்லிமீட்டர் துளையுள்ள துண்டுகளில் இலைவெட்டித் தேனீ குடியேறும். ரோஜா இலையின் ஓரத்தில் வட்டமாக, நாணயம் பதித்து வெட்டியது போலக் காணும் அடையாளம் அதனுடையது. நோய் என்று எண்ணி மருந்தடிப்போர் பலர்.

கொடிக் காய்களில் நேரத்தைக் கவனியுங்கள். பூசணி விடியலில் மலரும். பீர்க்கும் சுரையும் பிற்பகல் தாண்டி மலரும். புடலையின் வெள்ளிய இழைகொண்ட பூ இருட்டிய பின் விரிந்து அந்துப்பூச்சிகளை அழைக்கும். புடலைப் பந்தலுக்குப் பக்கத்தில் இரவெல்லாம் எரியும் விளக்கு அந்துப்பூச்சியைப் பூவிலிருந்து திசைதிருப்பிவிடும் என்பதால், மாடி விளக்கை எட்டு மணிக்குள் அணைத்துவிடுவது காய்ப்புக்கும் நல்லது.

எட்டாம் படி: பறவைகள்

தேன்சிட்டு பூவுக்கு முன் அந்தரத்தில் நெடுநேரம் நிற்கக்கூடிய பறவை அன்று. பூவுக்கருகில் உட்கார ஒரு தண்டு வேண்டும். ஆகவே செம்பருத்தியை அடியோடு கவாத்து செய்யாமல் இரண்டு மூன்று முதிர்ந்த கிளைகளை விடுங்கள். துணி காயப்போடும் கயிற்றிலோ ஒயரிலோ சிலந்தி நூலால் பிணைத்த தொங்கு கூட்டைக் கண்டால், குஞ்சு வெளியேறும்வரை அந்தக் கயிற்றை விட்டுக்கொடுங்கள். ஒட்டடையையும் ஓரளவு விட்டுவைத்தால்தான் கூட்டுக்கு நூல் கிடைக்கும். அகன்ற இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடமைக்கும் தையல்சிட்டு கண்ணில் எளிதில் படாது என்பதால், கவாத்துக்கு முன் இலை மடிப்புகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தானியம் இறைக்காதீர்கள். அரிசியும் கம்பும் கொட்டும் மாடியை மாடப்புறாக்கள் நிரப்பிவிடும். அவற்றின் எச்சத்தூள் நுரையீரலுக்குக் கேடு, சிறு குருவிகளுக்கும் இடம் கிடைக்காது. மாறாக, இரண்டு பைகளில் தினையோ கம்போ ஆடிப்பட்டத்தில் விதைத்து, கதிரை அறுக்காமல் விடுங்கள். கதிரில் தொற்றிக்கொண்டு கொத்தத் தெரிந்த சில்லைகளும் கிளிகளும் அதற்கு வரும். கனத்த புறாவுக்கு அது கைவராது.

ஒன்பதாம் படி: பதிவும் பகிர்வும்

எந்தச் செடியில் எந்த நாளில் முட்டை கண்டீர்கள் என்பதை ஒரு நாட்குறிப்பில் எழுதி வையுங்கள். இரண்டாம் ஆண்டிலேயே உங்கள் மாடிக்கென்று ஒரு பருவக்கணக்கு உருவாகிவிடும். படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் இனத்தைக் கண்டறியப் பலர் உதவுவார்கள். 2020 முதல் செப்டம்பர் மாதம் இந்தியாவெங்கும் வண்ணத்துப்பூச்சி மாதமாகக் கொண்டாடப்படுகிறது. தைப்பொங்கலை ஒட்டிப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. மொட்டைமாடியில் கால்மணி நேரம் நின்று எண்ணியதும் அவற்றில் சேரும்.

ஒரு மாடி மட்டும் தனித்திருந்தால் வண்ணத்துப்பூச்சி நிலைக்காது. தெருவில் நான்கைந்து வீடுகளிலாவது அதே உணவுச் செடிகள் வேண்டும். கறிவேப்பிலையின் வேரிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றைப் பிரித்துக் கொடுக்கலாம். விதையானால் பழுத்துக் கருத்த கனியின் சதையை நீக்கி உடனே ஊன்ற வேண்டும், காயவைத்தால் முளைப்புத் திறன் போய்விடும். ஈஸ்வரமூலியின் காய் முற்றியதும் தலைகீழாகத் தொங்கும் சிறு உறி போல வெடித்துத் தட்டையான விதைகளை உதிர்க்கும். வெடிப்பதற்குச் சற்று முன் மெல்லிய துணி கட்டிச் சேகரியுங்கள். ஐப்பசி மழையில் தண்டுத் துண்டும் வேர்விடும்.

கொடுக்கும் முன் இலையின் அடிப்புறத்தையும் கணுக்களையும் பார்த்து, மாவுப்பூச்சி இருந்தால் கழுவிவிட்டுக் கொடுங்கள். அந்த வீட்டில் மருந்து தெளிக்கும் வழக்கம் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள்; உண்டு என்றால் முதலில் துளசியும் தும்பையும் கொடுத்து, அடுத்த பருவத்தில் உணவுச் செடியைக் கொடுக்கலாம். தொட்டியின் விளிம்பிலோ தண்டிலோ கூட்டுப்புழு ஒட்டியிருந்தால், அது வெடித்துப் பூச்சி வெளிவந்து இறகு உலர்த்திப் பறக்கும்வரை, ஒரு வாரம் பத்து நாளானாலும், அந்தத் தொட்டியை இருந்த இடத்திலேயே வைத்திருந்து, அதன் பிறகு கொடுங்கள்.